பகடைக்கு உரிமையாளர் இல்லை: ஆர்பிஜி வெளியிடுவோர் தவிர்க்க வேண்டிய உரிமத் தவறுகள்

சிறு வெளியீட்டாளர்களும் தனியாக எழுதுபவர்களும் தங்கள் ஆர்பிஜி கையெழுத்துப்படிகளைப் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்புவதுண்டு. நான் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. உரிம அறிவிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். அப்படிப் புரட்டிய ஒரு படியில் மூன்று அறிவிப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தன. ஓஜிஎல் எனப்படும் திறந்த விளையாட்டு உரிமம் முழுமையாக இருந்தது. அதன்கீழ், படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் பொது உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் பெயரில் ஒரு வரி. அதற்கும் கீழே, 'அனைத்து உரிமைகளும் எமக்கே'. ஏன் இப்படி என்று கேட்டேன். "எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவைத்தேன்" என்றார் எழுதியவர். மூன்று மருத்துவர்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்த மாத்திரைகளை ஒரே வாயில் போட்டு விழுங்குகிற காரியம் இது. ஒன்று கொடுத்த அனுமதியை இன்னொன்று மறுக்கிறது. படிப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாது.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகப் பேச, முடிவு தெரியாத இடங்களில் பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் விளையாட்டைத்தான் ரோல்பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்பிஜி என்கிறோம். இதில் ஒருவர் எழுதிய விதியின்மேல் இன்னொருவர் சாகசம் எழுதுவார், மூன்றாமவர் அதற்கு அரக்கர்களைச் சேர்ப்பார். அதனால்தான் உரிமச் சிக்கல் இந்தத் துறையில் வாசலிலேயே நிற்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல. பல படிகளைப் பார்த்தவன், சில தவறுகளைச் செய்தும் பார்த்தவன்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். "இதைப் பயன்படுத்தலாமா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கிறார்கள். உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. எழுதிய சொல்லும் வரைந்த படமும் யாருடையவை என்பது பதிப்புரிமை. பெயரும் சின்னமும் யாருடையவை என்பது வணிகக்குறி. நான் எதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது உரிமம். முதல் இரண்டும் சட்டம் வகுத்த எல்லைகள். மூன்றாவது நாமே விரும்பித் தலையில் ஏற்றிக்கொள்வது. சட்டம் போடாத கட்டையும் அது போடலாம். தமிழில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. 'காப்புரிமை' என்ற சொல்லைச் சிலர் புத்தகத்துக்கும், சிலர் புதுக் கண்டுபிடிப்புக்கும் எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு சட்டங்கள். "அந்த விளையாட்டுக்குக் காப்புரிமை இருக்கிறதாம், பகடை முறையைத் தொடவே கூடாதாம்" என்ற பேச்சு பாதி இந்தச் சொற்குழப்பத்தில் பிறந்தது. இந்தக் கட்டுரையில் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

விதி வேறு, விதியைச் சொன்ன வாக்கியம் வேறு

இருபது பக்கப் பகடையை உருட்டு, உன் திறனைக் கூட்டு, குறித்த எண்ணை எட்டினால் வெற்றி. இந்த முறை யாருக்கும் சொந்தமில்லை. எண்ணம், நடைமுறை, முறைமை, செயல்படும் விதம் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அந்தக் கருத்து அதைவிடப் பழையது. சார்ல்ஸ் செல்டன் என்பவர் கணக்கு எழுதும் புதிய முறை ஒன்றை விளக்கிப் புத்தகம் போட்டிருந்தார். பேக்கர் என்பவர் அதே மாதிரியான முறையில் கணக்கேடுகளைத் தயாரித்து விற்றார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. புத்தகத்தின் விளக்கம் செல்டனுடையது, விளக்கப்பட்ட முறை அவருடையது அல்ல என்று 1879-ல் தீர்ப்பு வந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது 1974-ல். முதல் ஆர்பிஜி அச்சேறுவதற்கு 95 ஆண்டுகள் முன்பே அதன் விதிகளின் தலையெழுத்து ஒரு கணக்கேட்டு வழக்கில் எழுதப்பட்டுவிட்டது.

இதை விளையாட்டுக்கே நேரடியாகப் பொருத்திப் பார்த்த வழக்கும் உண்டு. 'பேங்!' என்ற சீட்டு விளையாட்டு அமெரிக்க மேற்குப் பகுதியின் துப்பாக்கி வீரர்களைப் பற்றியது. ஏறத்தாழ அதே விதிகளோடு, பண்டைச் சீன வீரர்களை வைத்து இன்னொரு விளையாட்டு வந்தது. படம் வேறு, பெயர் வேறு. ஆட்ட முறையும் பாத்திரங்களின் ஆற்றல்களும் அவையே. முதல் விளையாட்டின் வெளியீட்டாளர் டெக்சாசில் தொடுத்த வழக்கில், ஆட்ட விதிகளும் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் என்ன செய்ய முடியும் என்பதும் பதிப்புரிமையில் அடங்கா என்று 2016-ல் நீதிமன்றம் முடிவு சொன்னது. இதை மட்டும் படித்துவிட்டுத் துள்ளுபவர்களுக்கு 2012-ஆம் ஆண்டின் டெட்ரிஸ் தீர்ப்பையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணினி விளையாட்டின் தோற்றத்தை அப்படியே உரித்துவைத்தவர் தோற்றார். விதி பொது, விதிக்குப் போட்ட சட்டை பொது அல்ல.

ஆகவே இங்கே இரண்டு தவறுகள் எதிரெதிராக நிற்கின்றன. உருட்டிக் கூட்டுவதற்குக்கூட அனுமதி வேண்டும் என்று பயந்து எழுதாமலே இருப்பவர் ஒருவர். விதிதான் பொதுவாயிற்றே என்று நாற்பது பக்கத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டுபவர் இன்னொருவர். எனக்கு வரும் படிகளில் இரண்டாமவர்தான் அதிகம். அவர் மோசடிக்காரர் அல்ல, சோம்பலும் அல்ல. விதியும் நடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் போகிறார்.

தீப்பந்து மந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். 20 அடி ஆரமுள்ள கோளத்துக்குள் இருப்போர்மேல் எட்டு ஆறுபக்கப் பகடைகள் அளவுக்குச் சேதம் என்பது விதி. விரல்நுனியிலிருந்து கிளம்பும் ஒளியும், தாழ்ந்த உறுமலோடு அது வெடிப்பதும் வருணனை. எண்களை நீங்கள் எழுதலாம். வருணனையைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் அது நகல். சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு, அதே வரிசையில், அதே உவமைகளோடு, பத்திக்குப் பத்தி நகர்ந்தாலும் தப்பிக்க முடியாது. ஒருவருடைய தோட்டத்தைச் செடிக்குச் செடி மாற்றி நட்டாலும் பாத்தி அவர் போட்டதுதானே. நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே வழி. மூல நூலை மூடிவையுங்கள். அந்த விதியை மேசையில் புதிதாக வந்தவருக்கு வாயால் விளக்குங்கள். வாயில் வந்ததை எழுதுங்கள். அது பெரும்பாலும் மூலத்தைவிடக் குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கும்.

நூறு வரி அட்டவணைகள் பற்றி ஒரு வார்த்தை. 'காட்டில் எதிர்ப்படுபவை' போன்ற பட்டியல்களில் எதைச் சேர்ப்பது, எப்படி வரிசைப்படுத்துவது என்ற தேர்விலேயே படைப்பு இருக்கிறது. அட்டவணை என்பதாலேயே அது வெறும் விதி ஆகிவிடாது.

தேவையில்லாத இடத்தில் கையெழுத்து

விதி பொதுவென்றால் உரிமம் எதற்கு? விதியைச் சொன்ன சொற்களையும், அரக்கர்களின் விவரங்களையும், மந்திரப் பட்டியலையும் மறுபடி எழுதாமல் எடுத்தாளுவதற்கு. வழக்கு வராது என்ற நிம்மதிக்கும்தான். விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1997-ல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2000-ஆம் ஆண்டில் ஓஜிஎல்லை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் ரையன் டான்சி முன்னெடுத்த அந்த ஏற்பாட்டுக்குக் கட்டற்ற மென்பொருள் உலகம்தான் முன்மாதிரி. எஸ்ஆர்டி என்ற பெயரில் விதித்தொகுப்பு ஒன்று திறந்துவிடப்பட்டது. அதன்மேல் யார் வேண்டுமானாலும் எழுதி விற்கலாம்.

இது பரிசு போலத் தோன்றினாலும் ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் நீங்கள் கொடுப்பதும் இருக்கிறது. அதன் 7-ஆம் பிரிவைப் பலர் படிப்பதே இல்லை. பிறருடைய வணிகக்குறியைச் சுட்டி, 'இன்ன விளையாட்டோடு பொருந்தும்' என்று தனி அனுமதியில்லாமல் சொல்லமாட்டேன் என்று அதில் ஒப்புக்கொள்கிறீர்கள். உரிமம் எதையும் ஏற்காதவர், பல நாடுகளில், உண்மையை உண்மையாகச் சொல்லும் அளவுக்கு இன்னொரு பொருளின் பெயரைக் குறிப்பிட முடியும். ஓஜிஎல் ஏற்றவர் அந்த வாய்ப்பைக் கைவிட்டுவிடுகிறார். சொந்தச் சொற்களில் சொந்த விதியை எழுதிவிட்டு, பெரிய நூல்களின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஓஜிஎல்லையும் சேர்த்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். வாங்காத கடனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்கள்.

அதே காலத்தில், இந்த விதிகளோடு பொருந்தும் நூல் என்று அட்டையில் காட்டும் டி20 சின்னத்தைப் பயன்படுத்த வேறொரு உரிமம் தனியாக இருந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்தவர்கள் அப்போதே ஏராளம். சின்ன உரிமத்தை நிறுவனம் இடையில் திருத்தியது, 2008-ல் முடித்தும்விட்டது. ஓஜிஎல் அதோடு போகவில்லை. பெயருக்கான தாளும் சொல்லுக்கான தாளும் தனித்தனி என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

ஓஜிஎல் கீழ் வந்த பழைய பொருளை எடுத்தாளுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வழுக்கி விழும் இடம் 15-ஆம் பிரிவு. உரிமத்தின் கடைசியில் வரும் பதிப்புரிமை வரிசை அது. நீங்கள் யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவருடைய 15-ஆம் பிரிவு முழுவதையும் எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்து, கடைசியில் உங்கள் நூலின் பெயர், ஆண்டு, உரிமையாளர் பெயரைச் சேர்க்க வேண்டும். வம்சாவளி மாதிரி. என் முதல் சாகசத்தில் ஓர் அரக்கனை இன்னொருவருடைய துணைநூலிலிருந்து எடுத்தேன். எஸ்ஆர்டி வரியை மட்டும் போட்டுவிட்டு அந்தத் துணைநூலின் வரியை விட்டுவிட்டேன். கொடுத்த அனுமதியை மீறியது நான்தான், அதுவும் அனுமதி கேட்கவே தேவையில்லாத இடத்தில். அந்த நூலை எழுதியவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்; அன்றிரவே கோப்பைத் திருத்தினேன்.

இன்னொன்று: எது திறந்த பகுதி என்று நூலில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்கிறது 8-ஆம் பிரிவு. 'விதிகளாக இருப்பவை எல்லாம் திறந்தவை' என்று மழுப்பலாக எழுதினால் அடுத்து எடுப்பவர் தடுமாறுவார். ஒரு வண்ணப் பின்னணி, ஒரு பெட்டி, ஒரு பட்டியல், ஏதாவது ஒன்று போதும்.

'நிரந்தரம்' என்ற சொல்லை நம்பியவர்கள்

2023 ஜனவரியில் நடந்ததைத் துறையில் இருக்கும் யாரும் மறக்கமாட்டார்கள். ஓஜிஎல்லின் புதிய வடிவம் என்று ஒரு வரைவு கசிந்தது. பழைய 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்ட உரிமம் அல்ல என்றது அது. ஆண்டு வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டுவோர், தாண்டிய தொகையில் 25 விழுக்காடு வரை கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. அதாவது லாபத்தில் அல்ல, வரவில். புத்தகத் தொழிலின் லாப அளவு தெரிந்தவர்களுக்கு அந்த எண் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பலர் ஓஜிஎல்லை அசையாத தரை என்று நம்பியிருந்தார்கள். உரிமத்தில் 'நிரந்தரமான' என்ற சொல் இருந்தது. 'திரும்பப் பெற முடியாத' என்ற சொல் இல்லை. ஒப்பந்த மொழியில் இவை இரண்டும் ஒன்றல்ல. முடிவு நாள் குறிக்கப்படவில்லை என்பது முதலாவது. கொடுத்தவர் மனம் மாறினாலும் எடுக்க முடியாது என்பது இரண்டாவது. கூடவே 9-ஆம் பிரிவு 'அங்கீகரிக்கப்பட்ட எந்த வடிவத்தையும்' பயன்படுத்தலாம் என்றிருந்தது. அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு அந்த ஒற்றைச் சொல் கதவு திறந்துவிட்டது. நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் நிலை வரவில்லை. எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருந்ததால், ஜனவரி 27 அன்று நிறுவனம் பழைய உரிமத்தைத் தொடமாட்டோம் என்று அறிவித்தது. விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கான எஸ்ஆர்டி 5.1 முழுவதையும், பெயர் குறிப்பிட்டால் போதும் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி-பை 4.0 உரிமத்திலும் விட்டுவிட்டது. 2025-ல் எஸ்ஆர்டி 5.2-உம் அதே உரிமத்தில் வந்தது. சிசி-பை உரிமத்தில் 'திரும்பப் பெற முடியாத' என்ற சொல் எழுத்திலேயே இருக்கிறது. அந்த உரிமத்தை நடத்துவதும் விளையாட்டு நிறுவனம் அல்ல.

இதே புயலில், பாத்ஃபைண்டர் என்ற ஆர்பிஜியை வெளியிடும் பெய்ஸோ நிறுவனம் ஆர்க் என்ற புது உரிமத்தை அறிவித்தது. அரக்க இனத்தின் பெயரையே சுருக்கப் பெயராக வைத்ததில் கொஞ்சம் குறும்பும் இருந்தது. எந்த ஒரு வெளியீட்டாளரின் கையிலும் உரிமம் இருக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். ஒரு சட்ட நிறுவனம் வரைந்து, 2023-லேயே இறுதி வடிவம் வந்தது. பாத்ஃபைண்டரின் விதிநூல்களைப் பெய்ஸோ அதே ஆண்டு நவம்பரிலிருந்து ஆர்க் கீழ் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. ஆர்க்கிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதில் ஆட்ட முறைகள் தாமாகவே திறந்தவை ஆகிவிடும். கதை, பாத்திரம், படம், பெயர் ஆகியவை தாமாகவே உங்களுடையவையாக நிற்கும். 'என் புது விதியை மட்டும் மூடிவைத்துக்கொள்கிறேன்' என்று அங்கே சொல்ல முடியாது. அதை விரும்பாதவர் வேறு உரிமம் பார்க்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு முணுமுணுப்பதில் பயனில்லை.

புத்தகம் அல்ல, எஸ்ஆர்டி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சிசி-பை ஆகிவிட்டதாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆகவில்லை. ஆனது எஸ்ஆர்டி என்ற ஆவணம் மட்டுமே. கடையில் விற்கும் விதிநூலும் அதுவும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. எஸ்ஆர்டி 5.1-ல் வீரன், மந்திரவாதி போன்ற ஒவ்வொரு பாத்திர வகுப்புக்கும் ஓர் உட்பிரிவுதான் உண்டு. பாத்திரப் பின்னணி ஒன்றே ஒன்று. தனித்திறன் என்று தரப்படும் சலுகையும் ஒன்றே ஒன்று. மீதியெல்லாம் புத்தகத்தில் பூட்டிய அறையில் இருக்கிறது. கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நினைவில் எழுதுபவர் அறையின் பூட்டைத் தெரியாமலே உடைக்கிறார்.

மாட்டிக்கொள்பவர்களைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் மந்திரங்களின் பெயர். புத்தகத்தில் பிக்பியின் கை. எஸ்ஆர்டியில் வெறும் மந்திரக் கை. புத்தகத்தில் மெல்ஃபின் அமில அம்பு. எஸ்ஆர்டியில் வெறும் அமில அம்பு. மந்திரத்தின் பெயரில் ஒரு சூனியக்காரரின் பெயர் ஒட்டியிருந்தால், நீங்கள் தவறான ஆவணத்தைத் திறந்துவைத்திருக்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது இன்னும் முக்கியம். மொழிபெயர்ப்பு மூலத்திலிருந்து பிறக்கும் படைப்பு; மூல உரிமையாளரின் அனுமதி வேண்டும். இலவசமாகப் பகிர்ந்தாலும் வேண்டும், அன்போடு செய்தாலும் வேண்டும். சிசி-பை அந்த அனுமதியை முன்கூட்டியே தந்துவிடுகிறது. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, ஸ்பானிய மொழிகளில் எஸ்ஆர்டி 5.1 அதிகாரபூர்வமாகவே வந்திருக்கிறது. தமிழில் செய்ய விரும்புபவருக்கும் வழி திறந்தே இருக்கிறது. அப்படிச் செய்தால் உங்கள் தமிழ்ச் சொற்களுக்கான பதிப்புரிமை உங்களுடையது. மூலத்தின் உரிமை மூலத்தாருடையது.

பதிலுக்குக் கேட்பது குறைவுதான், ஆனால் அதைத்தான் சொதப்புகிறார்கள். எஸ்ஆர்டியின் முதல் பக்கத்தில் நன்றிக் குறிப்பின் வாசகம் தரப்பட்டிருக்கிறது. அதை அப்படியே போடுங்கள். தமிழ் நூலானால் மூல வாசகத்தை மாற்றாமல் வைத்து, அதன்கீழ் தமிழில் ஒருமுறை சொல்லலாம் என்பது என் வழக்கம். நீங்கள் மாற்றம் செய்திருந்தால், மொழிபெயர்ப்பும் மாற்றமே, அதைக் குறிப்பிட வேண்டும். அந்த வாசகத்தைத் தவிர நிறுவனத்தின் பெயரை வேறெங்கும் நன்றி என்று சேர்க்க வேண்டாம் என்றும் அங்கே கேட்டிருக்கிறார்கள். 'ஐந்தாம் பதிப்போடு பொருந்தும்' என்று சொல்லிக்கொள்ள அனுமதி உண்டு. விளையாட்டின் பெயரையோ சின்னத்தையோ அட்டையில் போட அனுமதி இல்லை. சிசி உரிமங்கள் பதிப்புரிமைக்கானவை, வணிகக்குறியை அவை தொடுவதில்லை. நன்றி மிகுதியால் நிறுவனத்தின் சின்னத்தைப் பின்னட்டையில் போட்டவரை எனக்குத் தெரியும். அது நன்றி அல்ல, அவர்கள் உங்களை ஆதரிப்பதாகக் காட்டும் பொய்.

எழுத்துக்களைக் கூட்டிப் படிக்காதது

கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பொதுவாகச் சொல்வது, 'மாத்திரை சாப்பிட்டேன்' என்று பொதுவாகச் சொல்வது மாதிரி. எது என்பதுதான் கேள்வி. பெயர் குறிப்பிட்டால் போதும் என்பது ஒன்று. மாற்றிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பது ஒன்று. வணிகம் கூடாது என்பது ஒன்று. மாற்றியதை வெளியிடக் கூடாது என்பது ஒன்று. எக்லிப்ஸ் ஃபேஸ் என்ற அறிபுனை ஆர்பிஜி முழுவதையும் இலவசமாகப் பகிரலாம், மாற்றலாம், விற்க முடியாது. பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு ஆர்பிஜியின் விதித்தொகுப்பை எடுத்து எழுதியதை விற்கலாம். இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ்தான்.

'அதே உரிமத்தில்' என்ற நிபந்தனை கலப்பில்தான் பல்லைக் காட்டும். கெய்ர்ன் என்ற சிறு விளையாட்டு அந்த வகை. அதன் உரையைத் திருத்தி உங்கள் நூலில் சேர்த்தால், சேர்ந்த பகுதி அதே வகை உரிமத்தில்தான் வெளிவர வேண்டும். ஆர்க் விதியும் தன் வழித்தோன்றல்கள் ஆர்க்கிலேயே இருக்க வேண்டும் என்கிறது. இந்த இரண்டின் உரைகளையும் ஒரே அத்தியாயத்தில் பிசைந்தால் இரண்டு உரிமங்களையும் ஒருசேர மீறியாகிவிட்டது. சிசி-பை மட்டும் யாரோடும் ஒத்துப்போகும் சுபாவம்.

வெளியிடுபவராக நீங்கள் செய்யும் தவறு வேறு வகை. 'இந்த நூல் சிசி-பை' என்று முகப்பில் எழுதிவிடுகிறீர்கள். உள்ளே ஓவியர் வரைந்த பன்னிரண்டு படங்கள் இருக்கின்றன. அவற்றை யாரும் எடுத்துப் போர்வையில் அச்சடித்து விற்கலாம் என்று, உங்களுக்கில்லாத உரிமையை ஊருக்குத் தானம் செய்துவிட்டீர்கள். 'உரை மட்டும்' என்ற இரண்டு சொற்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்திருக்கும். ஒருமுறை கொடுத்தால் திரும்ப எடுக்க முடியாது என்பது 2023-ல் நமக்கு ஆறுதலாக இருந்தது. கொடுப்பவர் இடத்தில் நிற்கும்போது அதுவே இரவில் தூக்கம் கெடுக்கும். உங்கள் உலகின் பெயர்களையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, விதித்தொகுப்பை மட்டும் தனி ஆவணமாகத் திறந்துவிடுவது மேல்.

பெயர்கள்

1974-ல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஹாபிட்கள் இருந்தார்கள், என்ட்கள் இருந்தன, பால்ராக் இருந்தது. இவற்றைத் தன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைகளில் எழுதிய டோல்கீனின் படைப்புகளுக்கான வணிக உரிமையை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்ததும், பின்வந்த அச்சுகளில் ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது, என்ட் ட்ரீயன்ட் ஆனது, பால்ராக் பாலோர் ஆனது. ஐம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்றும் கையெழுத்துப்படிகளில் ஹாபிட் வருகிறது. குள்ளன், எல்ஃப், டிராகன் எல்லாம் நாட்டார் கதைகளின் சொத்து, தாராளமாக எழுதலாம். ஒருவர் உருவாக்கிய சொல்லுக்கும் பழங்கதைச் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் அகராதியைப் பாருங்கள்: சொல் எந்த ஆண்டு முதன்முதலில் அச்சில் வந்தது என்பதே பாதி விடை.

ஆசிரியர் இறந்து எத்தனையோ ஆண்டாயிற்று என்பதும் முழு விடை அல்ல. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை குறைந்தபட்சம் இறப்புக்குப் பின் 50 ஆண்டு என்கிறது. நாட்டுக்கு நாடு அது 60, 70 என்று நீள்கிறது. அமெரிக்காவில் பழைய நூல்களுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கும் உண்டு. கோனன் கதைகளை எழுதிய ராபர்ட் ஈ. ஹவர்ட் இறந்தது 1936-ல். 70 ஆண்டுக் கணக்கு உள்ள நாடுகளில் அவர் எழுத்து 2007 முதலே பொதுவில் இருக்கிறது. ஆனால் கோனன் என்ற பெயர் வணிகக்குறியாகப் பதிவாகி வேறொருவர் கையில் இருக்கிறது. கதையை மறுபதிப்பு செய்ய முடிகிற இடத்திலும், அந்தப் பெயரை அட்டையில் பெரிதாகப் போட்டு விளையாட்டு விற்கப் போனால் சிக்கல். இணையத்தில் விற்கும் நூல் எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் விற்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

படம், எழுத்துரு, வரைபடம்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், தவறு எளிமையானது என்பதால். ஓவியருக்குப் பணம் கொடுத்ததால் படம் உங்களுடையதாகிவிடாது. எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை பல நாடுகளில் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். உங்களிடம் இருப்பது பயன்படுத்தும் அனுமதி. மின்நூலுக்கு வாங்கிய அனுமதி அச்சுக்கும், இரண்டாம் பதிப்புக்கும், மொழிபெயர்ப்புக்கும் செல்லுமா என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'இலவசம்' என்று இறக்கிய எழுத்துருக்களில் பாதி சொந்தப் பயனுக்கு மட்டும் இலவசம். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவற்றை விற்பனை நூலில் தைரியமாகப் பொதிக்கலாம். வரைபட மென்பொருளை விலைக்கு வாங்கியிருந்தாலும், அதிலுள்ள மரம், பாறை, கோபுரப் படங்களை வணிக நூலில் போட வேறு கட்டணம் இருக்கலாம்.

செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய படம் என்றால் எதிர்த்திசையில் ஒரு பள்ளம். 2023-ல் ஒரு படக்கதை நூலைப் பரிசீலித்த அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், எழுத்துக்கும் அடுக்கிய விதத்துக்கும் உரிமை கொடுத்து, அப்படி உருவான தனித்தனிப் படங்களுக்கு மறுத்துவிட்டது. உங்கள் அட்டைப்படத்தை நாளை இன்னொருவர் தன் அட்டையில் போட்டால் தடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

ரசிகர்கள் எழுதியதை நிறுவனத்தின் அனுமதியோடு விற்கும் இணையக் கடைகளான சமூகச் சந்தைகளை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். 2016-ல் தொடங்கிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்டில் விசர்ட்ஸ் நிறுவனத்தின் சொந்த உலகங்களையே வைத்து எழுதலாம், எஸ்ஆர்டியில் இல்லாத அரக்கர்களையும் தொடலாம். விற்பனையில் பாதி எழுதியவருக்கு. பதிலுக்கு அந்தப் படைப்பு அந்தச் சந்தையை விட்டு வெளியேற முடியாது. தெரிந்து போனால் நல்ல பேரம். மூன்றாண்டு உழைப்பில் உருவாக்கிய சொந்த உலகத்தை அங்கே கொண்டுபோய் முதல்முறையாக வெளியிடுவது மட்டும் வேண்டாம்.

கடிதம் வந்தால்

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒன்று தப்பும். உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்ததும் சிலர் நூலை நீக்கிவிட்டு மறைந்துவிடுகிறார்கள், சிலர் 'இது நியாயமான பயன்பாடு' என்று சண்டைக்கு நிற்கிறார்கள். முதலில் எண்ண வேண்டியது நாட்களை. ஓஜிஎல்லின் 13-ஆம் பிரிவின்படி, மீறலை அறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால்தான் உரிமம் முடிகிறது. சிசி-பை 4.0 மீறிய கணமே முடிந்துவிடும். ஆனால் கண்டுபிடித்த 30 நாட்களுக்குள் திருத்தினால் தானாகவே உயிர் பெறும். விட்டுப்போன ஒரு வரியை மின்நூலில் சேர்க்கப் பத்து நிமிடம் போதும். அச்சடித்து அடுக்கிவைத்த பிரதிகளுக்குத் திருத்தச் சீட்டு அச்சிட்டு ஒவ்வொன்றிலும் ஒட்ட வேண்டும். அதற்கும் 30 நாட்களுக்குள் வழி உண்டு, எந்தப் பக்கத்தில் எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிவைத்திருந்தால். என்னுடைய தாளில் நான்கு பத்திகள்: பக்க எண், மூலம், உரிமம், நன்றி வாசகம் எழுதியாயிற்றா என்று ஒரு குறி. அந்த முதல் சாகசத்துக்குப் பிறகு தொடங்கியது. நான்காம் பத்தி நிரம்பாமல் எந்தக் கோப்பையும் அச்சகத்துக்கு அனுப்பியதில்லை.